அலிசா லியுவின் தங்கத்துக்குப் பின்னால் வரிசை இருக்கிறதா?

நீங்கள் கேட்டது இது: "மிலான் ஒலிம்பிக்ஸில் அலிசா லியு தங்கம் வாங்கிவிட்டார். இருபது வருடமாகத் தனிநபர் பதக்கமே பார்க்காத அமெரிக்கப் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் இனிமேல் பழையபடி ஆகிவிடுமா? 2030-இல் எப்படி இருக்கும்?" கேள்வி லியுவின் பெயரில் தொடங்கினாலும் அவரைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன். அசாத்தியமான ஒரு பெண் தனியாளாக வந்து ஜெயித்துவிட்டுப் போனாரா, இல்லை ஒரு நாடு தன் ஸ்கேட்டர்களை வளர்க்கும் விதமே மாறியிருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று மாறியிருக்கிறது, ஆனால் பலரும் தேடுகிற இடத்தில் இல்லை. அமெரிக்காவில் திறமையான சிறுமிகளுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. அந்தச் சிறுமிகள் இருபது வயதைத் தாண்டியும் பனித்தளத்தில் நிற்பதுதான் நடக்காமல் இருந்தது. இப்போது அது நடக்க ஆரம்பித்திருக்கிறது.

நான் பயிற்சியாளரும் இல்லை, நடுவரும் இல்லை. அமெரிக்காவில் நான் இருக்கும் பகுதியில் கிளப் போட்டிகளும் வட்டாரப் போட்டிகளும் நடக்கும்போது டெக்னிக்கல் பேனலுக்குப் (எந்த ஜம்ப் செய்யப்பட்டது, முழுதாகச் சுற்றியதா என்று முடிவு செய்யும் குழு) பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஜம்ப்பையும் ஸ்பின்னையும் கணினியில் பதிகிற தன்னார்வ வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். யாருடைய ஜம்ப் முழுதாகச் சுற்றி இறங்குகிறது, யாருடையது கால் சுற்று குறைகிறது என்று ஸ்லோ மோஷனில் திரும்பத் திரும்பப் பார்க்கிற இடம் அது. உலகப் போட்டிகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வெளியிடப்பட்ட ஸ்கோர் தாள்களைப் படித்தும் போட்டிகளைப் பார்த்தும் சொல்வது. வீராங்கனைகளின் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்பதற்கு நான் சாட்சி இல்லை.

முதலில், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார்கள் என்று பார்ப்போம். 1956-இல் டென்லி ஆல்பிரைட், 1960-இல் கரோல் ஹைஸ், 1968-இல் பெகி ஃப்ளெமிங், 1976-இல் டோரதி ஹாமில், 1992-இல் கிறிஸ்டி யமகூச்சி, 1998-இல் டாரா லிபின்ஸ்கி, 2002-இல் சாரா ஹியூஸ் என்று ஏழு ஒலிம்பிக் தங்கம். 1968 முதல் 2006 வரை ஒரு குளிர்கால ஒலிம்பிக்ஸ்கூட விடாமல் பெண்கள் ஒற்றையரில் ஏதாவது ஒரு பதக்கம் அமெரிக்காவுக்கு வந்தது. 1991-இல் மியூனிக் உலகப் போட்டியில் யமகூச்சி, டோன்யா ஹார்டிங், நான்சி கெரிகன் என்று மூன்று பதக்கங்களையும் அவர்களே அள்ளினார்கள். மிஷெல் குவான் ஐந்து முறை உலகச் சாம்பியன். 2006 டுரினில் சாஷா கோஹன் வெள்ளி வாங்கினார், அடுத்த மாதமே கால்கரியில் கிம்மி மைஸ்னர் உலகச் சாம்பியன் ஆனார். அதோடு நின்றுவிட்டது. 2007 முதல் 2015 வரை உலகப் போட்டியில் ஒரு பதக்கம்கூட இல்லை. 2010, 2014, 2018, 2022 நான்கு ஒலிம்பிக்ஸிலும் தனிநபர் பதக்கம் இல்லை. 2018 பியோங்சாங்கில் அமெரிக்கப் பெண்களில் முன்னால் வந்த பிராடி டென்னலுக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம்.

இதைப் பார்த்தவர்கள் பலரும் "அமெரிக்காவில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் பக்கம் வருவதில்லை, எல்லாரும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் சாக்கருக்கும் போய்விட்டார்கள்" என்று சொன்னார்கள். எனக்கு இது சரியாகப்பட்டதே இல்லை. காரணம், 2007-உம் 2008-உம். 2007 உலக ஜூனியர் போட்டியில் பெண்கள் பிரிவின் மூன்று பதக்கங்களும் அமெரிக்காவுக்கு: கேரலைன் ஜாங், மிராய் நகாசு, ஆஷ்லி வாக்னர். அடுத்த வருடம் சோஃபியாவிலும் மூன்றும் அமெரிக்காவுக்கே: ரேச்சல் ஃப்ளாட், கேரலைன் ஜாங், மிராய் நகாசு. உலகத்திலேயே சிறந்த பதின்வயதுப் பெண்கள் ஒரே நாட்டில், ஒரே சமயத்தில் இருந்தார்கள். வறட்சி தொடங்கியதாகச் சொல்லப்படும் அதே வருடங்கள் அவை. அந்த நான்கு பேரில் ஒருவருக்கும் ஒலிம்பிக் தனிநபர் பதக்கம் கிடைக்கவில்லை. நகாசு 2010 வான்கூவரில் 16 வயதில் நான்காவது வந்தார், 2014 அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை, 2018-இல் திரும்பி வந்து ட்ரிப்பிள் ஆக்ஸலை (காற்றில் மூன்றரைச் சுற்று சுற்றும் ஜம்ப்) ஒலிம்பிக்ஸில் இறக்கிய முதல் அமெரிக்கப் பெண் ஆனார். வாக்னர் உலக வெள்ளி வாங்க 2016 வரை காத்திருந்தார், அப்போது அவருக்கு 24 வயது. ஃப்ளாட் வான்கூவரில் ஏழாவது வந்தார், அப்புறம் ஸ்டான்ஃபோர்டில் படிக்கப் போனார். ஆக ஊற்று வற்றவில்லை. தண்ணீர் வழியில் எங்கோ கசிந்துபோனது.

எங்கே கசிந்தது? 2002 சால்ட் லேக் சிட்டியில் ஜோடிப் பிரிவில் நடந்த நடுவர் ஊழலுக்குப் பிறகு நடுவர்கள் ஆறுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் பழைய 6.0 முறையை எடுத்துவிட்டு இப்போதைய புள்ளி முறையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு ஜம்ப்புக்கும் ஓர் அடிப்படை மதிப்பு. அது எப்படிச் செய்யப்பட்டது என்பதற்குத் தரப் புள்ளி, கூட்டலோ கழித்தலோ. சுற்று குறைந்தால் வெட்டு. பழைய முறையில் விழாமல் இறங்கினால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். புதிய முறையில் வீடியோவைத் திருப்பிப் பார்ப்பார்கள். கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் அடிப்படை மதிப்பே குறையும். நகாசுவின் ஸ்கோர் தாள்களில் சுற்றுக் குறைவைக் காட்டும் அந்தச் சின்னக் குறிகள் அடிக்கடி வந்து விழுந்தன. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் ஒல்லியான உடம்போடு சுழன்று கற்றுக்கொண்ட ஜம்ப், பதினாறு வயதில் அப்படியே வராது. பம்பரத்தின் வயிறு கொஞ்சம் அகன்றால் அதே சாட்டைக்கு அது சுற்றும் வேகம் குறையும் இல்லையா, அதுதான் நடக்கிறது. வளர்ந்த உடம்போடு அதே ஜம்ப்பை மறுபடி கட்ட வேண்டும். அதற்கு ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். நான் உட்காரும் மேசையிலிருந்து இதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். ஒரு சீசனில் எல்லா ட்ரிப்பிளும் (மூன்று சுற்று ஜம்ப்) இறங்கும், அடுத்த சீசனில் அதே பிள்ளை அதே ஜம்ப்புகளில் மூன்றில் இரண்டை இழந்து நிற்கும். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்குத் தேவை அவகாசம், பணம், பொறுமை. அமெரிக்க அமைப்பு இந்த மூன்றையும் சரியாகக் கொடுத்ததில்லை.

பணத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் விளையாட்டு அமைச்சகம் என்று ஒன்று கிடையாது. ஐஸ் நேரத்துக்கும் பயிற்சியாளருக்கும் கட்டணம், பூட்ஸ், ப்ளேடு, நடன அமைப்பு, உடை, பயணம் என்று அநேகமாக எல்லாமே பெற்றோர் கையிலிருந்து போகிறது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. ஃபிகர் ஸ்கேட்டிங்கை ஏற்றுக்கொண்ட விளையாட்டுகளில் சேர்க்கவில்லை. நீச்சலோ ஜிம்னாஸ்டிக்ஸோ செய்கிற பெண்ணுக்கு 18 வயதில் கல்லூரி உதவித்தொகையோடு அடுத்த நான்கு வருடம் பயிற்சி தொடர ஒரு வழி இருக்கிறது. ஸ்கேட்டருக்கு அந்த வயதில் படிப்பா, பனித்தளமா என்ற கேள்விதான் இருக்கிறது. ஜப்பானில் கல்லூரிகளும் நிறுவனங்களும் ஸ்கேட்டர்களைத் தாங்குகின்றன, பல்கலைக்கழகப் பெயரையோ கம்பெனிப் பெயரையோ தாங்கி 24, 25 வயது வரை போட்டியிடுவது அங்கே சாதாரணம். கவோரி சகமோட்டோ 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று வருடம் உலகச் சாம்பியன் ஆனபோது 21-இலிருந்து 23 வயது வரை கடந்துகொண்டிருந்தார். அவர் திடீரென்று முளைத்தவர் இல்லை.

பணத்தைவிடப் பெரிய சேதம் பொறுமையின்மையால் வந்தது என்பது என் கருத்து. இங்கே நான் உறுதியான தகவலிலிருந்து கொஞ்சம் விலகி என் கணிப்புக்குள் வருகிறேன், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-க்குப் பிறகு யார் ஒரு தேசியப் போட்டியில் ஜெயித்தாலும் "அடுத்த மிஷெல் குவான்" என்று தூக்கி வைத்தார்கள். கிரேசி கோல்ட் 2014 சோச்சியில் நான்காவது, 2016 பாஸ்டன் உலகப் போட்டியில் ஷார்ட் ப்ரோக்ராமில் (போட்டியின் முதல், குறுகிய பகுதி) முதலிடம், முடிவில் மறுபடி நான்காவது. அதற்கு அடுத்த வருடம் மனச்சோர்வு, பதற்றம், உணவுக் கோளாறு ஆகியவற்றுக்குச் சிகிச்சை எடுப்பதாக அவரே வெளிப்படையாகச் சொல்லி விலகினார். அலிசா லியு 13 வயதில் அமெரிக்கச் சாம்பியன், இதுவரை அவர்தான் மிக இளையவர். 2019-இல் க்வாட் லட்ஸ் (லட்ஸ் என்ற ஜம்ப்பின் நான்கு சுற்று வடிவம்) இறக்கிய முதல் அமெரிக்கப் பெண். 2022 பெய்ஜிங்கில் ஆறாவது, அடுத்த மாதம் உலகப் போட்டியில் வெண்கலம். ஏப்ரலில் இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட்டுவிட்டு ஓய்வு பெற்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது 16. உலக வெண்கலம் வாங்கிய 16 வயதுப் பெண் "போதும்" என்று போய்விட்டால் அவரிடம் குறை தேடக் கூடாது. அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த வழியைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, ரஷ்யா இல்லாததால்தானே இப்போது ஜெயிக்கிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. 2014-இல் சோட்னிகோவா, 2018-இல் ஜகிடோவா, 2022-இல் ஷெர்பகோவா என்று மூன்று தங்கம் தொடர்ந்து ரஷ்யாவுக்குப் போயின. பெய்ஜிங்கில் ட்ருசோவா ஃப்ரீ ஸ்கேட்டில் (போட்டியின் இரண்டாவது, நீண்ட பகுதி) ஐந்து க்வாட் போட்டார். உக்ரைன் போருக்குப் பிறகு 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யர்கள் சர்வதேசப் போட்டிகளில் இல்லை. மிலானுக்கு அடிலியா பெட்ரோசியன் ஒருவர் மட்டும் நடுநிலை வீராங்கனையாக வந்து பதக்கம் இல்லாமல் திரும்பினார். ஆனால் 2010 வான்கூவரில் மேடையில் நின்றவர்கள் கொரியாவின் கிம் யுனா, ஜப்பானின் அசாடா மாவோ, கனடாவின் ஜோயனி ரோஷெட். அங்கே ரஷ்யப் பெண் யாரும் இல்லை, அமெரிக்கப் பெண்ணும் இல்லை. ஆகவே அமெரிக்காவின் சரிவுக்கு ரஷ்யா காரணம் என்று சொன்னால் காலக்கணக்கே ஒத்துவராது.

ரஷ்யா இல்லாததைவிட முக்கியமானது 2022 ஜூனில் புக்கெட்டில் நடந்த சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் மாநாட்டு முடிவு. சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து படிப்படியாக 17 ஆக்கினார்கள். 2024-25 சீசனிலிருந்து முழுதாக அமலில் இருக்கிறது. சீசன் தொடங்கும் ஜூலை 1-க்கு முன் 17 முடிந்திருக்க வேண்டும். இந்த விதி அப்போதே இருந்திருந்தால் 15 வயது லிபின்ஸ்கியும் 16 வயது சாரா ஹியூஸும் ஒலிம்பிக்ஸ் பக்கம் வந்திருக்க முடியாது. பெய்ஜிங் லியுவும் வந்திருக்க முடியாது. இதன் விளைவு என்னவென்றால், வளராத உடம்பில் மட்டும் வேலை செய்கிற ஜம்ப்புக்குச் சீனியர் மட்டத்தில் இப்போது மதிப்பு குறைவு. வளர்ந்த பிறகும் எது நிற்கிறதோ அதுதான் காசு. அமெரிக்கா எங்கே தோற்றுக்கொண்டிருந்ததோ, அந்த இடத்திலேயே போட்டியின் வாசலைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

மிலானுக்குப் போன மூன்று பெண்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஆம்பர் க்ளென் 2014-இல் அமெரிக்க ஜூனியர் சாம்பியன். அதற்கப்புறம் மனநலக் காரணங்களுக்காக இடையில் விலகியிருந்து திரும்பினார். முதல் அமெரிக்கப் பட்டம் 2024-இல், 24 வயதில். 2025, 2026-இலும் அவரே சாம்பியன். 2024 டிசம்பரில் கிராண்ட் ப்ரீ ஃபைனலை (சீசனின் சிறந்த ஆறு பேர் மோதும் போட்டி) ஜெயித்தார். அமெரிக்கப் பெண் ஒருவர் அதை ஜெயித்து அப்போது 14 வருடம் ஆகியிருந்தது. ட்ரிப்பிள் ஆக்ஸலை அவர் கைக்குக் கொண்டுவந்ததே இருபதுகளில்தான். ஐஸபோ லெவிடோ 2022 உலக ஜூனியர் சாம்பியன், 2024-இல் மான்ட்ரியாலில் 17 வயதில் உலக வெள்ளி. ஜூனியர் தங்கத்தைச் சீனியர் உலகப் பதக்கமாக மாற்றிய பெண், அதாவது 2007, 2008-இல் ஜூனியர் தங்கம் வாங்கிய ஜாங்குக்கும் ஃப்ளாட்டுக்கும் நடக்காததை இரண்டே வருடத்தில் செய்தவர். அவர் ஸ்கேட் செய்வதைப் பார்த்தால் கையிலும் கழுத்திலும் ஓர் அவசரமின்மை தெரியும், எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தவர் அவர்தான். அப்புறம் லியு. 2024 தொடக்கத்தில் மலையில் பனிச்சறுக்குக்கு (ஸ்கீயிங்) போனபோது அந்த வேகம் பிடித்துப்போய், மறுபடி ஐஸில் கால் வைத்துப் பார்த்தார், அந்த வருடம் மார்ச்சில் திரும்பி வருவதாக அறிவித்தார். இந்த முறை இசை, உடை, எவ்வளவு நேரம் பயிற்சி என்பதையெல்லாம் தானே முடிவு செய்வதாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு வருடத்தில் பாஸ்டனில் உலகச் சாம்பியன். மைஸ்னருக்குப் பிறகு 19 வருடம் கழித்து வந்த பட்டம் அது.

இப்போது மிலான் எண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் அங்கேதான் இருக்கிறது. லியு ஷார்ட்டில் 76.59, ஃப்ரீயில் 150.20, மொத்தம் 226.79. சகமோட்டோ 224.90. 17 வயது நகாய் அமி 219.16. நான்காவது இன்னொரு ஜப்பானியர், சிபா மோனே, 217.88. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடைவெளி 1.89 தான். ஒரு ஜம்ப்பில் ஒரு கை ஐஸைத் தொட்டிருந்தால் போயிருக்கும் இடைவெளி. லியுவின் நிரலில் ட்ரிப்பிள் ஆக்ஸலும் இல்லை, க்வாட்டும் இல்லை. சிறுமியாக இருந்தபோது இரண்டையும் செய்தவர், பெண்ணாகத் திரும்பியபோது இரண்டையும் விட்டுவிட்டு, மற்ற ட்ரிப்பிள்களைச் சுத்தமாகச் செய்து, ஒவ்வொன்றிலும் தரப் புள்ளிகளைக் கூட்டி ஜெயித்தார். சின்ன உடம்பு தேவைப்படாத வெற்றி இது. அதனால்தான் இதை மற்றவர்களும் பின்பற்ற முடியும் என்று நம்புகிறேன்.

க்ளென்னின் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது, கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. ஷார்ட்டில் ட்ரிப்பிள் லூப் போட வேண்டிய இடத்தில் டபுள்தான் வந்தது. ஷார்ட்டில் தனி ஜம்ப் ட்ரிப்பிளாக இருந்தே ஆக வேண்டும் என்பதால் அந்த ஜம்ப்புக்குச் சுழியம். 67.39 வாங்கி 13-ஆவது இடத்துக்குப் போனார். ஃப்ரீயில் ட்ரிப்பிள் ஆக்ஸலோடு 147.52, மொத்தம் 214.91, ஐந்தாவது இடம். ட்ரிப்பிள் லூப்பின் அடிப்படை மதிப்பு 4.9. தரப் புள்ளி எதுவும் கூட்டாமல் அந்த 4.9-ஐ மட்டும் சேர்த்தாலே 219.81 வருகிறது, வெண்கலத்துக்கு மேலே. இப்படிக் கூட்டிப் பார்ப்பதால் முடிவு மாறாது, மற்றவர்களும் அவரவர் தவறுகளைத் திருத்தினால் கணக்கு வேறு மாதிரி ஆகும். ஆனால் ஒரே ஒரு ஜம்ப் ட்ரிப்பிளாக இறங்கியிருந்தால் அமெரிக்காவுக்கு இரண்டு பதக்கம் வரும் தூரத்தில் இருந்தது என்பது உண்மை. லெவிடோவுக்கு அந்த வாரம் சரியாக அமையவில்லை, முதல் பத்துக்குள் வரவில்லை.

இதையே ஜப்பான் பக்கத்திலிருந்து பாருங்கள். அனுப்பிய மூன்று பேரும் முதல் நான்குக்குள். ஆழம் என்றால் அதுதான். அமெரிக்காவிடம் இப்போது இருப்பது உயரம், அந்த ஆழம் இன்னும் வரவில்லை. சகமோட்டோ 2025-26 சீசனோடு விலகுவதாக முன்பே அறிவித்தவர், அதனால் ஜப்பான் தளர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஷிமாடா மாவோ என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 2008 அக்டோபரில் பிறந்தவர், 2023, 2024, 2025 மூன்று வருடமும் உலக ஜூனியர் சாம்பியன். வயது விதி காரணமாக மிலானுக்கு வர முடியவில்லை. அவரிடம் ட்ரிப்பிள் ஆக்ஸலும் இருக்கிறது, க்வாட் டோ லூப்பும் இருக்கிறது. டபுள் ஆக்ஸலுக்கு 3.3, ட்ரிப்பிள் ஆக்ஸலுக்கு 8.0. ட்ரிப்பிள் டோவுக்கு 4.2, க்வாட் டோவுக்கு 9.5. இரண்டையும் ஒரே ஃப்ரீ ஸ்கேட்டில் சுத்தமாக இறக்கினால் லியு மாதிரி ஒருவரைவிடக் காகிதத்தில் பத்துப் புள்ளி முன்னால் நிற்பார். வளர்ந்த பிறகும் அந்த ஜம்ப்புகள் அவரிடம் தங்குமா என்பது திறந்த கேள்வி. தங்கினால் 2030-இல் தங்கம் வாங்க அமெரிக்கப் பெண்களுக்குச் சுத்தமான ஸ்கேட் மட்டும் போதாது, ட்ரிப்பிள் ஆக்ஸல் கட்டாயம் ஆகிவிடும்.

2030 குளிர்கால ஒலிம்பிக்ஸ் பிரெஞ்சு ஆல்ப்ஸில், ஸ்கேட்டிங் நீஸ் நகரத்தில். அப்போது லியுவுக்கு 24 வயது, லெவிடோவுக்கு 23 ஆக ஒரு மாதம் பாக்கி, க்ளென்னுக்கு 30. லியு தொடர்வாரா என்று கணிக்க நான் தயாரில்லை. ஒரு முறை உச்சத்திலிருந்து இறங்கிப் போனவர், போகும் உரிமை அவருக்கு எப்போதும் உண்டு. லெவிடோ தொடர்ந்தால் அவருடைய சிறந்த வருடங்கள் இன்னும் முன்னால்தான் இருக்கின்றன. அவருக்குத் தேவை ஜம்ப்பில் இன்னும் கொஞ்சம் உயரமும் வேகமும், ஷார்ட்டிலும் ஃப்ரீயிலும் ஒரே தரமும். அடுத்த வரிசையில் 2025 அமெரிக்கப் போட்டியில் வெண்கலம் வாங்கிய சாரா எவர்ஹார்ட் போன்றவர்கள் இருக்கிறார்கள். அவருடைய அடிப்படை ஸ்கேட்டிங் சுத்தமானது. அதற்கும் கீழே 2030-க்குத் தகுதி பெறக்கூடியவர்கள் 2012 ஜூலைக்கு முன் பிறந்தவர்கள், அதாவது இப்போது குறைந்தது 13 வயது ஆனவர்கள். புதிதாக யாரும் பிறந்து வரப்போவதில்லை, அந்தப் பெண்கள் இப்போதே ஏதோ ஒரு ரிங்க்கில் காலை ஐந்தரை மணிக்கு ஸ்கேட் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வயதைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தவிர்க்க முடியாது. 2025 ஜனவரி 29 அன்று விச்சிட்டாவிலிருந்து வாஷிங்டன் வந்த விமானம் ராணுவ ஹெலிகாப்டரோடு மோதி 67 பேர் இறந்தார்கள். அதில் 28 பேர் ஸ்கேட்டிங் உலகத்தைச் சேர்ந்தவர்கள். தேசியப் போட்டியை ஒட்டி வளரும் ஸ்கேட்டர்களுக்காக நடந்த முகாம் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள், பெற்றோர்கள், பயிற்சியாளர்கள். நாம் 2030, 2034 என்று பேசுகிற தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். இதைப் "பாதிப்பு" என்று புள்ளிகளில் அளக்க எனக்கு மனம் வரவில்லை. 1961-இல் பெல்ஜியத்தில் நடந்த விமான விபத்தில் அமெரிக்காவின் மொத்த அணியும் இறந்தது. ஏழு வருடம் கழித்து ஃப்ளெமிங் தங்கம் வாங்கினார், அவருடைய பயிற்சியாளரும் அந்த விபத்தில் போனவர்தான். மீண்டு வர முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த ஏழு வருடம் அந்தக் குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது பதக்கப் பட்டியலில் வராது.

ரஷ்யா எப்போது முழு அணியோடு திரும்பும் என்பது விளையாட்டுக்கு வெளியே தீர்மானிக்கப்படும் விஷயம், அதைக் கணக்கில் கட்ட முடியாது. திரும்பினாலும் 17 வயது விதி அவர்களுக்கும் பொருந்தும். பதினைந்து வயதுப் பெண்ணை வைத்து ஒரு சீசன் ஜெயித்து, அடுத்த வருடம் இன்னொரு பதினைந்து வயதுப் பெண்ணைக் கொண்டுவருகிற வழி அடைபட்டிருக்கிறது.

இவ்வளவையும் வைத்து என் மதிப்பீட்டைக் கேட்டால்: அடுத்த நான்கு வருடத்தில் அமெரிக்கப் பெண்களுக்கு உலகப் போட்டியில் பதக்கங்கள் வரும் என்பதில் எனக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது. 2030-இல் ஒரு பதக்கம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. மறுபடி தங்கம் என்பது பாதிக்கும் குறைவான வாய்ப்பு, அதற்குக் காரணம் அமெரிக்கா இல்லை, ஜப்பான். மூன்று பேரை அனுப்பும் உரிமை தொடருமா என்பதுதான் உண்மையில் கவலைக்குரியது. முந்தைய உலகப் போட்டியில் ஒரு நாட்டின் முதல் இரண்டு பேரின் இடங்களைக் கூட்டினால் 13-க்குள் வர வேண்டும். பாஸ்டனில் லியு முதலாவது, லெவிடோ நான்காவது, கூட்டினால் ஐந்து. லியுவும் க்ளென்னும் இல்லாத ஒரு வருடத்தில் அந்தக் கூட்டுத்தொகை எளிதாக 13-ஐத் தாண்டிவிடும். 2010-இல் அமெரிக்கா இரண்டு பேரை மட்டும் அனுப்ப நேர்ந்தது இப்படித்தான்.

நீங்கள் இதைத் தொடர்ந்து கவனிக்க விரும்பினால் பதக்கச் செய்திகளைப் பார்க்காதீர்கள். ஆகஸ்டில் தொடங்கும் ஜூனியர் கிராண்ட் ப்ரீ போட்டிகளைப் பாருங்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் ஸ்கோர் தாள் இலவசமாக வெளியாகும். அதில் அமெரிக்கப் பெண்களின் ஜம்ப்புகளுக்குப் பக்கத்தில் க்யூ என்ற எழுத்து இருந்தால் சரியாகக் கால் சுற்று குறைந்தது என்று பொருள், இடப்பக்கம் திரும்பிய அம்புமுனை மாதிரி ஒரு குறி இருந்தால் அதைவிட அதிகம் குறைந்தது. 15 வயதில் ஒரு பெண்ணின் தாளில் இந்தக் குறிகள் எத்தனை, அவருடைய 17-ஆவது வயதில் எத்தனை என்று ஒப்பிடுங்கள். குறைந்துகொண்டே வந்தால் அந்தப் பெண்ணின் பயிற்சியாளர் அவரை வளர்ந்த உடம்புக்குத் தயார் செய்கிறார். பத்துப் பதினைந்து பெயர்களை வைத்துக்கொண்டு இரண்டு சீசன் இப்படிப் பார்த்தால், நீஸுக்கு யார் போவார்கள் என்பதில் நீங்களே என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.